எட்டாவது முறையும் அதே பாட்டுப் படம்

கேள்வியின் சாரம் இது. மூன்றரை வயது மகளோடு உட்கார்ந்து, வண்ணமும் பாட்டுமாக ஓடும் ஓர் அனிமேஷன் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். அவளைவிட உங்களுக்குத்தான் அது அதிகம் பிடித்துவிட்டது. இப்போது அவள் தினமும் அதே படத்தைக் கேட்கிறாள். பேச்சுக் காட்சிகளில் சோபாவில் புரண்டுகொண்டிருக்கிறாள், பாட்டு வந்தால் எழுந்து ஆடுகிறாள். கதை அவளுக்குப் புரிகிறதா, ஒரே படத்தை இத்தனை முறை பார்ப்பது சரிதானா, இன்னும் நன்றாகச் சேர்ந்து ரசிக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பல வருடம் அனிமேஷன் வேலையில் இருந்தவன். கதாபாத்திரங்களின் வாயசைவு, தாளத்துக்கு ஏற்ற உடலசைவு, இரண்டையும் சரிபார்ப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. வீட்டில் இப்போது பள்ளிக்கூடம் போகும் ஒரு மகளும் இருக்கிறாள். அதனால் இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மகள் படத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. பாட்டுக்கு எழுந்து, பாட்டு முடிந்ததும் புரண்டு படுப்பது அந்தப் படம் செய்யப்பட்ட விதத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. பெரியவர்கள் நாம் கதையைப் பிடித்துக்கொண்டு போவோம், வழியில் பாட்டு வரும். மூன்று வயதுக் குழந்தை பாட்டைப் பிடித்துக்கொண்டு போகும், வழியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை கிடைக்கும். மாடிப்படி ஏறுகிற குழந்தை கைப்பிடிக் கம்பியை விடாமல் ஏறுமே, அதுபோல.

படம் எடுப்பவர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் போகிறார்கள். இந்த மாதிரிப் படங்களில் பாட்டுதான் முதலில் வரும். மெட்டும் வரிகளும் எழுதி, பாடிப் பதிவு செய்த பிறகே கதாபாத்திரம் அசையத் தொடங்கும். பாடுகிறவர் ஒலிப்பதிவு அறையில் பாடும்போது அவரைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு, புருவம் எங்கே ஏறுகிறது, மூச்சை எங்கே இழுக்கிறார் என்று பார்த்து அசைவை அமைப்பது வழக்கம். 'ஃப்ரோஸன்' (2013) படத்தில் எல்ஸா என்ற ராணியை முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபெஸ், ராபர்ட் லோபெஸ் தம்பதி அவளுக்காக ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார்கள். கேட்டவர்களுக்கு இப்படிப் பாடுகிறவள் வில்லியாக இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. கதையையே மாற்றி எழுதினார்கள். ஒரு பாட்டுக்கு அவ்வளவு பலம் இருக்கிறபோது, மூன்றரை வயதுக்காரி அதற்கு எழுந்து நிற்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன், எனக்கு இதைச் சொல்வதில் ஓர் அற்ப சந்தோஷம். படம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்களாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு வரும் பாட்டு என்றால் நொடிக்கு இரண்டு தட்டு, அதாவது 12 ஃப்ரேமுக்கு ஒரு தட்டு. பாதம் தரையில் விழுவது, தலை திரும்புவது, கதவு திறப்பது எல்லாம் அந்த 12-ஐச் சுற்றியே அமையும். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. அசைவு ஒலியோடு கச்சிதமாக ஒட்டி வந்தால் கண்ணுக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும். அதனால் பல இடங்களில் அசைவை ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வைப்போம். பார்க்கிறவருக்கு அது தெரியாது, உடம்புக்குத் தெரியும். 90 நிமிடப் படத்தில் 1,29,600 ஃப்ரேம்கள். பாட்டு வரும் பகுதிகளில் ஒவ்வொரு ஃப்ரேமும் ஏதோ ஒரு தட்டுக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

குழந்தையின் உடம்பு இதற்கு எப்போதோ தயாராகிவிடுகிறது. மார்செல் சென்ட்னர், துவோமாஸ் ஈரோலா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இசையையும் பேச்சையும் கேட்கவைத்துப் பார்த்தார்கள். பேச்சைவிட இசைக்கும் தாளத்துக்கும்தான் குழந்தைகள் அதிகமாக அசைந்தார்கள். தாளத்தோடு அசைவு நன்றாகப் பொருந்திய குழந்தைகள் அதிகம் சிரித்தார்கள். நடக்கத் தெரிவதற்கு முன்பே ஆடத் தெரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆட்டம் போடும் பாட்டுக்கு எழுகிறாள். மெதுவான பாட்டு? கதாநாயகி தனியாக ஜன்னலோரம் நின்று தன் ஆசையைப் பாடும் இடத்தில் உங்கள் மகள் பொம்மையைத் தேடப் போய்விடுவாள் என்று ஊகிக்கிறேன். இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் இல்லை. 'தி லிட்டில் மெர்மெய்ட்' (1989) வெளிவருவதற்கு முன் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, கடல்கன்னி தன் ஏக்கத்தைப் பாடும் பாட்டில் குழந்தைகள் நெளிந்தார்கள். படத்தை எடுத்த டிஸ்னி ஸ்டுடியோவின் தலைவராக இருந்த ஜெஃப்ரி காட்ஸன்பெர்க், அந்தப் பாட்டையே வெட்டிவிடலாம் என்றார். பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இயக்குநர்களும் விடவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், அவளுக்கு என்ன நடந்தால் அவர்களுக்கென்ன என்பதுதான் அவர்கள் வாதம். பாட்டு தப்பியது. படத்தின் அடையாளமாகவே அது பிறகு ஆனது.

ஆஷ்மன் மேடை இசை நாடகத்திலிருந்து வந்தவர். அங்கே இதற்கு 'ஆசைப் பாட்டு' என்று பொருள்படும் ஒரு பெயரே உண்டு. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் முக்கியக் கதாபாத்திரம் தனக்கு என்ன வேண்டும் என்று பாடிவிட வேண்டும். நீங்கள் பார்த்த படத்திலும் அப்படி ஒன்று கட்டாயம் இருக்கும், தேடிப் பாருங்கள். மொத்தக் கதையின் சாவி அதில்தான் இருக்கிறது. அந்தச் சாவி கையில் கிடைக்கும் நேரத்தில்தான் குழந்தை தண்ணீர் கேட்கும்.

என் மகளும் அப்படித்தான். அந்த இடத்தில் நான் ஒரே ஒரு காரியம் செய்வேன். அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து, காதருகில் "இவளுக்கு என்ன வேணுமாம்?" என்று மட்டும் கேட்பேன். முதல் மூன்று முறை பதில் இல்லை. நான்காவது முறை "வெளியில போகணுமாம்" என்றாள். அதன்பின் பேச்சுக் காட்சிகளிலும் அவள் பார்வை மாறியதைக் கவனித்தேன். கதாநாயகி கதவை நெருங்கும்போதெல்லாம் "போறா, போறா" என்று கத்துவாள். கதை முழுவதையும் விளக்கிச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

திரும்பத் திரும்பப் பார்ப்பது பற்றித்தான் உங்கள் கவலை அதிகமாகத் தெரிகிறது. இதில் நிம்மதி தரும் ஆய்வுகள் உண்டு. சிறு குழந்தைகளுக்கான 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ஒரே அத்தியாயத்தைத் தொடர்ந்து ஐந்து நாள் ஒளிபரப்பினார்கள். டேனியல் ஆண்டர்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்து 1999-இல் வெளியிட்டார்கள். முறை கூடக் கூடப் புரிதல் கூடியது. அதைவிட முக்கியம், திரையோடு பேசுவது, பதில் சொல்வது, எழுந்து செய்து காட்டுவது எல்லாம் கூடிக்கொண்டே போயின. முதல் முறை பார்க்கும் குழந்தை அமைதியாக வாய் பிளந்து உட்கார்ந்திருப்பது கவனத்தால்தான், ஆனால் அந்தக் கவனம் முழுக்க 'என்ன நடக்கிறது' என்று பிடிப்பதிலேயே செலவாகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தபிறகுதான் கை காலுக்கு வேலை கிடைக்கிறது.

புத்தகத்திலும் இதே கதைதான். ஜெசிக்கா ஹோர்ஸ்ட் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பவும், சிலருக்கு அதே புதுச் சொற்கள் வரும் வேறு வேறு கதைகளையும் வாசித்துக் காட்டினார்கள். ஒரே கதையைக் கேட்ட குழந்தைகளுக்குத்தான் புதுச் சொற்கள் நன்றாகப் பதிந்தன.

ஆக, தினமும் அதே படம் கேட்பதால் அவள் தேங்கிப்போகவில்லை. உங்களுக்கு எட்டாவது முறை, அவளுக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு மூலை திறக்கிறது. ஒரு நாள் பின்னணியில் ஓடும் நத்தையை மட்டும் பார்ப்பாள். இன்னொரு நாள் வில்லனின் தொப்பி. என் மகள் ஒரு படத்தை இருபது முறைக்கு மேல் பார்த்த பிறகு, கதாநாயகியின் தோழியாக வரும் சிறிய பாத்திரத்தின் பெயரைச் சொல்லி, "அவ ஏன் அந்தப் பாட்டுல பாடல?" என்று கேட்டாள். படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். எல்லோரும் பாடுகிறார்கள், அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். பிற்பாதியில் அவள் கட்சி மாறுவதற்கான அச்சாரம் அது. இருபது வருடம் வாயசைவு பார்த்தவனுக்குத் தெரியாதது நான்கு வயதில் தெரிந்திருக்கிறது.

இனி, சேர்ந்து ரசிப்பது. முதல் வேலை எழுந்து ஆடுவது. சும்மா உற்சாகத்துக்காகச் சொல்லவில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரா சிரெல்லியும் குழுவினரும் 14 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2014-இல் அது வெளியானது. ஒருவர் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இசைக்கு ஏற்பக் குதிப்பார், எதிரே நிற்பவரும் அதே தாளத்தில் குதிப்பார், அல்லது வேண்டுமென்றே தாளம் தப்பிக் குதிப்பார். பிறகு எதிரே நின்றவர் தவறுதலாக எதையோ கீழே போடுவதுபோல் போடுவார். தன்னோடு ஒரே தாளத்தில் குதித்தவருக்கு எடுத்துக் கொடுக்கத்தான் குழந்தைகள் அதிகமாக முன்வந்தார்கள். ஒரே தாளத்தில் அசைந்த இரண்டு பேருக்கு நடுவில் ஏதோ ஒன்று உண்டாகிறது. நடனம் தெரியாது என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவள் எகிறும்போது நீங்களும் எகிறினால் போதும்.

இரண்டாவது, பேச்சு. ஸ்ட்ரௌஸ், ட்ரோசெத் முதலானோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கதை வீடியோவை இடையிடையே நிறுத்திக் கேள்வி கேட்டுப் பேசிய பெற்றோரின் மூன்று வயதுக் குழந்தைகள், கதையையும் சொற்களையும் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த அளவுக்குப் பலன் இல்லை. ஆனால் பாட்டுப் படத்துக்கு இதை அப்படியே பொருத்தினால் அழுகைதான் மிஞ்சும். பாட்டின் நடுவே நிறுத்தவே நிறுத்தாதீர்கள். தாளத்தில் இருக்கும் உடம்பை வெடுக்கென்று நிறுத்துவது பெரியவர்களுக்கே பிடிக்காது. பாட்டு முடிந்து, அந்தக் கடைசி ஒலி அடங்கும் இடத்தில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி தேர்வுத்தாள் மாதிரி இருக்கக் கூடாது. "இது என்ன கலர்?" என்று கேட்பது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. "அவன் ஏன் ஒளிஞ்சுக்கிட்டான்?" என்பது நல்ல கேள்வி. பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், அப்புறம் குளிக்கும்போது சொல்வாள்.

வயது கூடும்போது ஒரு விளையாட்டு சொல்லித் தரலாம். இத்தகைய படங்களில் முதல் பாதியில் வந்த மெட்டு பிற்பாதியில் வேறு உருவத்தில் திரும்ப வரும். மெதுவாக, அல்லது வேறொருவர் குரலில், சில சமயம் வரிகளே இல்லாமல் வெறும் வயலினில். "இது எந்தப் பாட்டு, கண்டுபிடி" என்று கேளுங்கள். மெட்டை வேறு சுருதியில் வைத்தாலும் சில மாதக் குழந்தைகளே அடையாளம் கண்டுகொள்ளும். மூன்றரை வயதுக்கு இது சுலபம். மகிழ்ச்சியாகப் பாடிய அதே மெட்டு இப்போது ஏன் சோகமாக வருகிறது என்ற கேள்வி தானாக எழும்போது, கதையின் வளைவை அவள் காதாலேயே பிடித்துவிட்டாள் என்று அர்த்தம்.

வண்ணத்தைப் பற்றியும் நீங்கள் எழுதியிருந்தீர்கள். அந்த வண்ணங்கள் கண்டபடி கொட்டியவை இல்லை. படம் தொடங்கும் முன்பே, முழுக் கதையையும் சின்னச் சின்ன ஓவியங்களாக வரிசையாக வரைந்து, எந்தக் காட்சி எந்த வண்ணத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வார்கள். வண்ணத்தில் எழுதிய திரைக்கதை என்று சொல்லலாம். ஒரு பெரிய பாட்டு பளிச்சென்று தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தைய காட்சியைச் சாம்பலாக அடக்கி வைப்பார்கள். அடுத்த முறை பார்க்கும்போது, பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன் திரையின் நிறம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். திரையில் முழு வண்ணமே ஒரு காலத்தில் அதிசயமாக இருந்தது. டெக்னிகலர் என்ற நிறுவனத்தின் மூவண்ண முறையில் வணிகரீதியாக வெளிவந்த முதல் கார்ட்டூன் டிஸ்னியின் 'ஃப்ளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்', 1932-இல். ஐந்தே வருடத்தில், 1937 டிசம்பரில், 'ஸ்னோ ஒயிட்' முழுநீளப் பாட்டுப் படமாகத் திரையேறிவிட்டது.

இதோடு சேர்த்து ஒரு வேண்டுகோள். உங்கள் டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் ஒரு செட்டிங் இருக்கும், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். அது இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் தானாக ஒரு ஃப்ரேமைக் கற்பனை செய்து செருகுகிறது. நான் சொன்ன 12 ஃப்ரேம் கணக்கு, முன்னால் வைத்த அந்த ஒரு ஃப்ரேம் எல்லாம் குழம்பிப்போய், துள்ள வேண்டிய பாத்திரம் வெண்ணெயில் வழுக்குவதுபோல் ஆகிவிடும். 'விவிட்' என்று வண்ணத்தை ஏற்றிக் காட்டும் முறையும் வேண்டாம். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் வண்ணத்தை மேலும் ஏற்றினால் எல்லாம் ஒரே அடர்த்தியாகத் தெரியும், அடக்கி வைத்த சாம்பலுக்கு வேலையே இருக்காது. 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்ற முறை இருந்தால் அதில் வையுங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை, பேச்சு கேட்கவில்லை என்று கூட்டி வைப்போம், பாட்டு வந்ததும் வீடே அதிரும். டிவியில் இரவுக்கான ஒலி முறை இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தைக் குறைத்துவிடும். தியேட்டருக்கு அழைத்துப் போவதாக இருந்தால் பின்வரிசையில், நடைபாதையை ஒட்டிய இருக்கையாகப் பாருங்கள். எழுந்து ஆடவும் வெளியே ஓடவும் அதுதான் வசதி. விளம்பரங்களும் முன்னோட்டங்களும் பெரும்பாலும் அதிகச் சத்தமாகவே இருக்கும், அவை முடிந்தபின் உள்ளே போனால்கூடத் தப்பில்லை.

பயம். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைப் படம் என்று பெயர் இருந்தாலும் இவற்றில் சாவு நிறைய. 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இயன் கோல்மன் குழுவினர் கொஞ்சம் குறும்பாகவே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 45 அனிமேஷன் படங்களையும் பெரியவர்களுக்கான 90 படங்களையும் ஒப்பிட்டதில், முக்கியக் கதாபாத்திரம் சாகும் ஆபத்து அனிமேஷன் படங்களில் சுமார் 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. அப்பாவோ அம்மாவோ போய்ச் சேர்ந்தால்தான் கதாநாயகன் தனியாகக் கிளம்ப முடியும் என்ற பழைய கதை உத்திதான் காரணம் என்பது என் ஊகம்.

மூன்று, நான்கு வயதில் பயம் வேறு மாதிரி வேலை செய்யும். ஜோவான் கேன்டர் என்ற ஆய்வாளர் பல வருடம் இதையே ஆராய்ந்தவர். சின்னக் குழந்தைகள் கதையின் ஆபத்துக்குப் பயப்படுவதைவிட, பார்க்கக் கோரமாக இருப்பதற்கும் உருவம் மாறுவதற்கும்தான் அதிகம் பயப்படுகிறார்கள். நல்லவன் பச்சை ராட்சசனாக மாறும் ஒரு தொலைக்காட்சித் தொடரில், அந்த ராட்சசன் நல்லதுதான் செய்கிறான் என்றாலும், அவன் மாறும் அந்த நிமிடமே சிறு குழந்தைகளை நடுங்கவைத்தது. பெற்றோர் செத்துப்போகும் காட்சியில் உங்களுக்குத் தொண்டை அடைக்கும், அவள் கண்டுகொள்ளாமல் பொம்மையின் முடியைச் சீவிக்கொண்டிருப்பாள். வில்லியின் முகம் பச்சையாக மாறும் பாட்டில் நீங்கள் ரசித்துக்கொண்டிருப்பீர்கள், அவள் உங்கள் சட்டைக்குள் முகத்தைப் புதைப்பாள். அப்போது "இதெல்லாம் நிஜமில்லை" என்று விளக்குவதால் இந்த வயதில் பெரிய பயனில்லை. மடி, போர்வை, கையைப் பிடித்துக்கொள்வது, கண்ணை மூடிக்கொள்ள அனுமதி, இவைதான் பலிக்கும். விளக்கம் பலிப்பது ஏழெட்டு வயதுக்கு மேல்தான்.

இன்னொன்று அரிதானது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். பாட்டுக் காட்சிகளில் ஒளி விட்டுவிட்டு மின்னுவது உண்டு. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போகேமான்' தொடரின் ஓர் அத்தியாயத்தில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில், சுமார் 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன்பிறகு ஒளிபரப்பு விதிகள் கடுமையாகின. இருந்தாலும் வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்குமே, இருட்டறையில் திரையை ஒட்டி உட்கார வேண்டாம், ஒரு விளக்கு எரியட்டும்.

நேரக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. ஒன்றரை மணி நேரப் படம் அதற்குள் அடங்காது. எப்போதாவது ஒரு நாள் முழுப் படம் பார்ப்பதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை. ஆனால் 'தினமும் அதே படம்' என்பது தினமும் முழுப் படமாக இருக்கத் தேவையில்லை. பாட்டுப் படத்தின் வசதி, அதற்கு இயல்பான மடிப்புகள் இருக்கின்றன. "இன்னைக்கு மூணு பாட்டு" என்று பேசி வைத்துக்கொண்டு, மூன்றாவது பாட்டு முடியும் இடத்தில் நிறுத்தலாம். மூன்று வயதுக்கு 'அரை மணி நேரம்' என்றால் ஒன்றும் புரியாது, 'மூணு பாட்டு' என்றால் விரலை மடக்கி எண்ணுவாள். மீதிப் பாட்டுகளைத் திரையில்லாமல், வெறும் ஒலியாகப் போட்டு ஆடுங்கள். அது இந்தக் கணக்கிலேயே வராது.

அணைக்கும் நேரத்தில் வரும் ரகளைக்கும் இதிலேயே பாதி மருந்து இருக்கிறது. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே சொன்னால் குழந்தை தயாராகும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலெக்சிஸ் ஹினிகர் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் தலைகீழாகத் தெரிந்தது. அந்த எச்சரிக்கை கொடுத்தபோதுதான் குழந்தைகள் அதிகம் அடம்பிடித்தார்கள். நிகழ்ச்சி தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோது ரகளை குறைவு. அதனால் படம் முடிந்ததும் அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியை அணைத்து வையுங்கள். பெயர்ப் பட்டியல் ஓடும்போது வரும் கடைசிப் பாட்டையும் ஓடவிடுங்கள். அவசரமாக ரிமோட்டைத் தேடாதீர்கள். ஆடி ஓய்ந்து இறங்குவதற்கு அந்த மூன்று நான்கு நிமிடம் உதவும். எங்கள் வீட்டில் அந்தப் பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்குப் படத்தைவிட மவுசு அதிகம்.

மூல மொழியிலா, தமிழ் டப்பிங்கிலா என்ற சந்தேகம் சிலருக்கு வரும். பேச்சு புரிவதற்குத் தமிழ்தான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. பாட்டு மட்டும் சிக்கல். டப்பிங்கில் பாட்டு எழுதுகிறவருக்கு மெட்டு, அர்த்தம், வாயசைவு என்று மூன்று கட்டுகள். திரையில் உதடு ஒட்டும் இடத்தில் ம, ப போன்ற எழுத்து விழ வேண்டும், வாய் விரியத் திறந்து நீட்டும் இடத்தில் ஆவோ ஓவோ வர வேண்டும். உச்ச ஸ்வரத்தில் 'இ' என்று முடியும் சொல் வந்தால் பாடுகிறவரும் சிரமப்படுவார், திரையில் இருக்கும் வாயும் பொய் சொல்வது தெரிந்துவிடும். இத்தனைக்கும் நடுவில் நல்ல வரி கிடைப்பது அபூர்வம், கிடைக்கும்போது அந்தப் பாடலாசிரியருக்கு ஒரு வணக்கம் வையுங்கள். குழந்தைக்குப் பாட்டு பிடித்துவிட்டால், இரண்டு மொழியிலும் கேட்கவிடுங்கள். ஒரே மெட்டில் வேறு சொற்கள் என்பதே அவளுக்கு ஒரு விளையாட்டு.

கடைசியாக, உங்களுக்கு அவளைவிட அதிகம் பிடித்துவிட்டது என்ற ஒப்புதல் வாக்குமூலம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இந்தப் படங்களை ஐந்து வயதுக்காரர்கள் எடுப்பதில்லை. நான்கு வருடம் உட்கார்ந்து வேலை செய்யும் பெரியவர்கள் தாங்கள் சிரிப்பதற்காகவும் அழுவதற்காகவும் நிறைய ஒளித்து வைக்கிறார்கள். சில படங்கள் பெற்றோருக்குத் தெரிந்த பழைய பிரபலப் பாடல்களையே எடுத்துக் கோத்துவிடும். அது கொஞ்சம் சுலபமான வழி என்பது என் கருத்து, ஆனாலும் கால் ஆடிவிடுகிறது.

ஒரு முறை அந்த ஆசைப் பாட்டு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் திரையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். "அப்பா, உனக்கு என்ன வேணும்?" என்றாள். நான் அவளிடம் கேட்டுக் கேட்டுப் பழக்கிய அதே கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பாட்டு நல்லா இருக்கு" என்றேன். அவள் தன் போர்வையின் ஒரு முனையை என் மேல் போட்டுவிட்டுத் திரும்பவும் படத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. எட்டு முறை பார்த்த உங்கள் தலைக்குள் அந்தப் பாட்டு இப்போது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2015-இல் இதற்கும் ஒரு வழி சோதித்திருக்கிறார்கள், சூயிங் கம் மெல்வது. மனதுக்குள் பாடுவதற்கும் வாயை அசைக்கும் அதே ஏற்பாடுதான் பயன்படுகிறது, தாடைக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டு கொஞ்சம் அடங்குகிறது என்பது விளக்கம். எனக்கு ஓரளவு பலித்தது. என்ன, மென்று முடித்ததும் பக்கத்து அறையிலிருந்து அவள் பாடத் தொடங்கிவிடுவாள்.